விலை சரியும்போது நிர்வாகத்தைப் படிக்கும் முறை

ஈப்போவில் ஜாலான் எஸ்.பி. சீனிவாசகம், முதலாம் எண். விஸ்மா தைக்கோ என்ற அந்தக் கட்டடம்தான் கோலாலம்பூர் கெப்போங் பெர்ஹாட்டின் தலைமையகம். கேஎல்கே என்றால் எல்லாருக்கும் தெரியும். மஞ்சோங், பாரிட், திராங் பக்கத்துத் தோட்டங்களின் கணக்கெல்லாம் இங்கேதான் வந்து சேர்கிறது. அந்தக் கம்பெனியின் 300 பங்கு உங்களிடம் இருக்கிறது, மூன்று மாதமாக விலை இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு வயிற்றைக் கலக்குகிறது. அந்தக் கட்டடத்தில் உட்கார்ந்து நிர்வாகம் செய்கிறவருக்கு ஏன் கலக்க வேண்டும்?

கேள்வி நியாயமானதுதான். நீங்கள் விற்கும் பங்கை யாரோ முகம் தெரியாத ஒருவர் வாங்குகிறார். பணம் அவரிடமிருந்து உங்களுக்கு வருகிறது. கம்பெனியின் கல்லாவிலிருந்து ஒரு காசு போவதில்லை, தோட்டத்தில் ஒரு குலை குறைவதில்லை. ஆனாலும் நிர்வாகத்துக்கு வலிக்கும். எங்கே வலிக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால், அடுத்து அவர்கள் என்ன செய்வார்கள் என்பதை ஓரளவு முன்கூட்டியே சொல்லலாம். வைத்திருப்பதா, விற்பதா, பொதுக்கூட்டத்தில் எழுந்து கேட்பதா என்பதெல்லாம் அதன் பிறகுதான். ஒரு சாயங்காலம் போதும், இந்த வேலைக்கு.

கோட்பாடு: ஒரே பத்தி

வலி நான்கு இடத்தில் வரும். நாற்காலி: விலை மலிந்தால் வெளியாள் வாங்கிக் குவித்து நிர்வாகத்தையே மாற்றலாம். நாளைய பணம்: புதுப் பங்கு விற்று முதல் திரட்டினால் குறைவாகத்தான் கிடைக்கும். சொந்தப் பை: இயக்குநர்களின் செல்வமும் அவர்கள் பங்கை வைத்து வாங்கிய கடனும் அதே விலையில் தொங்குகின்றன. பெயர்: வங்கி கடனுக்குக் கூடுதல் கேள்வி கேட்கும், நல்ல ஊழியர் வேறு இடம் பார்ப்பார். எல்லாக் கம்பெனிக்கும் நான்கும் வலிப்பதில்லை. எது வலிக்கிறது என்று பார்ப்பதுதான் உங்கள் வேலை.

உட்காரும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

1. கம்பெனியின் கடைசி ஆண்டறிக்கை. பங்குச் சந்தையான பர்சா மலேசியாவின் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கும்.
2. கடைசி நான்கு காலாண்டு அறிக்கைகள். காலாண்டு முடிந்து 2 மாதத்துக்குள் வெளியிட்டாக வேண்டும். பிந்தினால் அதுவே முதல் எச்சரிக்கை.
3. கடந்த ஓராண்டு அறிவிப்புகளின் பட்டியல்.
4. உங்கள் சிடிஎஸ் (மத்திய வைப்பு) கணக்கு அறிக்கை. எத்தனை பங்கு, எப்போது வாங்கியது என்று மனக்கணக்கில் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் தப்பாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

படி 1: சரிவு யாருடையது என்று பாருங்கள்

ஊர் முழுக்க மழை பெய்யும்போது உங்கள் கூரை ஒழுகுகிறது என்று வீடு கட்டியவரைத் திட்ட வேண்டாம். செம்பனை எண்ணெய் விலை 2022 மார்ச்சில் டன்னுக்கு 7,000 வெள்ளியைத் தாண்டியது. அதே ஆண்டு ஜூலையில் 4,000-க்குக் கீழே வந்தது. அந்த நேரத்தில் தோட்டக் கம்பெனிப் பங்குகள் இறங்கினால் குற்றம் எண்ணெயுடையது.

உங்கள் கம்பெனியோடு அதே தொழிலில் இருக்கும் மூன்று கம்பெனிகளை எடுத்து, அதே ஆறு மாதத்துக்கு விலையைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். நான்கும் ஒன்றாக இறங்கியிருந்தால் நிர்வாகம் பெரிதாக அலட்டிக்கொள்ளாது, நீங்களும் வேண்டாம். உங்களுடையது மட்டும் இறங்கியிருந்தால் அடுத்த படிக்குப் போங்கள்.

படி 2: பங்கு யார் கையில் இருக்கிறது?

இந்தப் படியில் நேரம் செலவழியுங்கள். ஆண்டறிக்கையின் கடைசிப் பக்கங்களில் 30 பெரிய பங்குதாரர் பட்டியல் இருக்கும். பலர் தலைவரின் படத்தையும் ஈவுத்தொகையையும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். நீங்கள் பின்பக்கத்திலிருந்து தொடங்குங்கள்.

கேஎல்கேயை எடுத்துக்கொண்டால், ஏறக்குறைய பாதிப் பங்கு பத்து கவான் பெர்ஹாட் என்ற ஒரே கம்பெனியிடம் இருக்கிறது. அதுவும் பர்சாவில் பட்டியலிட்டதுதான். அதன் பின்னால் ஈப்போ லீ குடும்பம். இப்படிப்பட்ட கம்பெனியின் விலை இறங்கினால் யாரும் இரவோடு இரவாக வந்து நாற்காலியைத் தூக்கிவிட முடியாது. நிர்வாகம் நிதானமாக இருக்கும். அது நல்லதாகவும் இருக்கலாம், மெத்தனமாகவும் இருக்கலாம்.

பங்கு சிதறிக் கிடந்தால் கதை வேறு. 1981 செப்டம்பர் 7, திங்கட்கிழமை. லண்டன் சந்தை திறந்தது. இங்கே பிற்பகல், தோட்டத்தில் பால் நிறுத்து முடித்திருப்பார்கள். மலேசிய அரசின் முதலீட்டு நிறுவனமான பெர்மோடாலான் நேஷனல் பெர்ஹாட், அதாவது பிஎன்பி, தரகர்கள் மூலம் கத்ரி கார்ப்பரேஷனின் பங்குகளை வாங்கத் தொடங்கியது. ஏற்கெனவே கையில் இருந்ததோடு சேர்த்துச் சில மணி நேரத்தில் பாதிக்கு மேல் சேர்ந்துவிட்டது. நூறாண்டுக்கு மேல் பழமையான பிரிட்டிஷ் கம்பெனி, கிட்டத்தட்ட 2 லட்சம் ஏக்கர் தோட்டம், எல்லாம் லண்டனில் மதியச் சாப்பாட்டுக்கு முன் கைமாறியது. 'விடியல் தாக்குதல்' என்று இன்றும் சொல்கிறார்கள். அதன் பிறகு லண்டனில் இப்படி வாங்குவதற்கான விதிகளையே இறுக்கினார்கள். கத்ரியின் இயக்குநர்கள் தோட்டத்தை மோசமாக நடத்தினார்களா என்பது இங்கே விஷயமில்லை. நிலத்துக்கு வாங்குபவர் போட்ட மதிப்பும் பங்குக்குச் சந்தை போட்ட மதிப்பும் விலகியிருந்தன. பெரும்பான்மையைக் கையில் வைத்துக் காக்க ஒரு பங்குதாரர் இல்லை. அவ்வளவுதான்.

கேஎல்கேயே அப்படிப்பட்ட இடைவெளியில் வளர்ந்ததுதான். அதன் மூல வேர் 1906-இல் தொடங்கிய கோலாலம்பூர் ரப்பர் கம்பெனி. மலாயாவில் அவசரகாலமும் சுதந்திரமும் வந்தபோது பிரிட்டிஷ் முதலீட்டாளர் பலர் விட்டால் போதும் என்று ஒதுங்கினார்கள். ஈப்போவின் ஈயச் சுரங்கக் குடும்பத்தைச் சேர்ந்த லீ லோய் செங் அந்த நாள்களில் தோட்டக் கம்பெனிப் பங்குகளை வாங்கிச் சேர்த்தார். பங்கு வாங்கியவருக்கு மரமும் மண்ணும் லயமும் சேர்ந்தே வந்தன. அதே காலத்தில் வேறு பல தோட்டங்களை வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள், தொழிலாளி நடுத்தெருவில் நின்றார். அதைத் தடுக்கத்தான் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, மாதம் 10 வெள்ளி வீதம் சேர்த்துத் தோட்டம் வாங்கும் வழியைக் காட்டினார். விலைச் சரிவு மேல்மாடி விவகாரம் மட்டும்தானா என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

பட்டியலைப் பார்க்கும்போது இப்படிக் குறித்துக்கொள்ளுங்கள்:

1. ஒருவரோ ஒரு குடும்பமோ 50 விழுக்காட்டுக்கு மேல்: நாற்காலி ஆடாது. உங்கள் ஆயுதம் கேள்வி மட்டும்.
2. 33 முதல் 50 வரை: ஆடலாம், விழுவது கடினம். மலேசிய விதிப்படி 33 விழுக்காட்டைத் தாண்டுகிறவர் மற்ற எல்லாருடைய பங்கையும் வாங்க முன்வந்தாக வேண்டும். எல்லைக்குப் பக்கத்தில் யாராவது நின்றால் கவனியுங்கள்.
3. யாருக்கும் 20 கூட இல்லை: விலை சரியும் ஒவ்வொரு வாரமும் நிர்வாகத்துக்குத் தூக்கம் குறையும்.

*குறிப்பு:* 5 விழுக்காட்டைத் தொட்டவுடன் புதிய பங்குதாரர் அறிவித்தாக வேண்டும். விலை இறங்கும் காலத்தில் அறியாத பெயர் ஒன்று 5-லிருந்து 7, 7-லிருந்து 9 என்று ஏறினால், யாரோ வேட்டைக்கு வந்திருக்கலாம்.

படி 3: அவர்களின் சொந்தப் பையைப் பாருங்கள்

அதே 30 பேர் பட்டியலில் சில வரிகள் நீளமாக இருக்கும். ஏதோ ஒரு நாமினீஸ் கம்பெனியின் பெயர், அதன் பின் 'பிளெட்ஜ்ட் செக்யூரிட்டிஸ் அக்கவுண்ட் ஃபார்' என்று எழுதி ஓர் ஆளின் பெயர். அந்த ஆள் பங்கை ஈடாக வைத்துக் கடன் பெறும் கணக்கு வைத்திருக்கிறார் என்று பொருள். அந்த ஆள் தலைமை நிர்வாகியாக இருந்தால் நிமிர்ந்து உட்காருங்கள். அடகுக்கடையில் வைத்த சங்கிலிக்குத் தங்கம் விலை இறங்கினால் கடைக்காரர் உங்களைக் கூப்பிட மாட்டார். பங்கை ஈடு வைத்தால் வங்கி கூப்பிடும். மேலும் பணம் கட்டு அல்லது விற்றுவிடுவேன் என்று சொல்லும். வங்கி விற்றால் விலை இன்னும் இறங்கும், அடுத்த ஆளின் ஈடும் கரையும்.

அப்படி மாட்டிக்கொண்டவர் விலையைத் தூக்கிப் பிடிக்கத் துடிப்பார். புரிந்துணர்வு ஒப்பந்தம், சூரிய மின்சாரம், ஏதோ ஒரு நாட்டில் கூட்டுத்தொழில் என்று மாதம் ஒரு நற்செய்தி வரும். ஒன்றுமே கட்டடமாகவோ லாபமாகவோ ஆகாது.

மறுபக்கமும் உண்டு. விலை இறங்கும்போது இயக்குநர் தன் கைக்காசில் வாங்கினால் அதற்கும் அறிவிப்பு வரும். தொகையைப் பாருங்கள். ஆண்டுக்கு 20 லட்சம் வெள்ளி சம்பளம் வாங்குகிறவர் 5,000 வெள்ளிக்கு வாங்கினால் அது மொய். காலாண்டுக் கணக்கு வெளியாவதற்கு முந்திய 30 நாள் முடக்கக் காலத்தில் வாங்கல் விற்றல் நடந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். அதற்குத் தனி விதிமுறைகள் உண்டு, மரியாதையான இயக்குநர்கள் அந்த நாள்களில் சும்மா இருப்பார்கள்.

படி 4: புதுப் பணத்துக்கு என்ன விலை கொடுப்பார்கள்?

காலாண்டு அறிக்கையில் இரண்டு எண் மட்டும் எடுங்கள்: கையிருப்புப் பணம், ஓராண்டுக்குள் கட்ட வேண்டிய கடன். முதலாவது சின்னது, இரண்டாவது பெரியது என்றால் அவர்கள் யாரிடமாவது கை நீட்டியாக வேண்டும்.

கணக்கு இதுதான். ஒரு கம்பெனிக்கு 100 மில்லியன் பங்கு. பொது அனுமதியின் கீழ் வழக்கமாக 10 விழுக்காடு வரை, அதாவது 10 மில்லியன் புதுப் பங்கைத் தேர்ந்தெடுத்த சிலருக்கு ஒதுக்கலாம். விலை 2 வெள்ளி என்றால் 20 மில்லியன் வரும். 1 வெள்ளி என்றால் 10 மில்லியன்தான். தள்ளுபடி கொடுத்தால் அதிலும் குறையும். தேவை குறையவில்லை, வரவு பாதியாகிவிட்டது. அப்போது உரிமைப் பங்கு வெளியிட்டு உங்களிடமே பணம் கேட்பார்கள், அல்லது நிலத்தை விற்பார்கள். ஈப்போவைச் சுற்றி வீடமைப்புப் பகுதியாகிவிட்ட பழைய தோட்டங்களை நினைத்துப் பாருங்கள். எல்லாம் பங்கு விலையால் விற்றதல்ல, ஆனால் பணம் முட்டும்போது முதலில் கண்ணில் படுவது நிலம்தான்.

உரிமைப் பங்கு வந்தால்:

1. பணம் எதற்கு என்ற பக்கத்தை முதலில் படியுங்கள். புது ஆலைக்கா, பழைய கடனுக்கா?
2. பெரிய பங்குதாரர் தன் பங்கை முழுதாக எடுப்பதாக உறுதி கொடுத்திருக்கிறாரா பாருங்கள். அவர் எடுக்காததை நீங்கள் ஏன் எடுக்க வேண்டும்?
3. கடைசித் தேதியை நாள்காட்டியில் சிவப்பு மையில் எழுதுங்கள். பேசாமல் இருந்தால் உரிமை காலாவதியாகும், உங்கள் பங்கின் கனமும் குறையும். வேண்டாம் என்றால், விற்கக்கூடிய உரிமையைச் சந்தையில் விற்றுவிடுங்கள்.

படி 5: அடுத்து என்ன செய்கிறார்கள்?

சில நிர்வாகங்கள் கம்பெனிப் பணத்தில் கம்பெனிப் பங்கையே திரும்ப வாங்கும். உச்சவரம்பு 10 விழுக்காடு. கடன் இல்லாமல், கையில் பணம் சும்மா கிடந்து, விலை உண்மையிலேயே மலிவென்றால் நல்லது. கடன் வாங்கி வாங்குவது வேட்டியை விற்றுத் துண்டு வாங்குவது.

சில நேரம் விலை தலைகீழாக விழும், பர்சா விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பும். பதிலில் 'எங்களுக்கு எந்தக் காரணமும் தெரியாது' என்று இருக்கும். அநேகமாக எல்லாக் கம்பெனியும் ஒரே அச்சில்தான் எழுதும். அதில் ஆறுதல் தேட வேண்டாம், அடுத்த மூன்று வாரம் வரும் அறிவிப்புகளை மட்டும் படியுங்கள்.

மிகவும் கூர்ந்து பார்க்க வேண்டியது, நிர்வாகமே உங்கள் பங்கை வாங்க வரும்போது. ஹோ யான் ஹோர் மூலிகைத் தேநீர்க் குடும்பத்திலிருந்து வளர்ந்த ஈப்போ மருந்துக் கம்பெனி ஹோவிட். 2017 ஜனவரியில் அதன் உற்பத்தி உரிமத்தைச் சுகாதார அதிகாரிகள் ரத்து செய்தார்கள். பிறகு உரிமம் திரும்பக் கிடைத்தது. அதே ஆண்டு அக்டோபரில் நிர்வாக இயக்குநரும் ஒரு முதலீட்டு நிதியும் சேர்ந்து பங்குக்கு 38 காசு என்று வாங்க முன்வந்தார்கள். சட்டப்படியான, திறந்த அழைப்புதான். ஆனால் சின்னப் பங்குதாரர் இந்த மாதிரி நேரத்தில் ஒன்றை மறக்கக்கூடாது: கம்பெனியின் உள் அறை தெரிந்தவர் வாங்குகிறார், தெரியாதவர் விற்கிறார். விலை இறங்கினால் வலிக்கும் நிர்வாகி, வாங்க முடிவு செய்த நாளிலிருந்து அதே இறக்கத்தால் லாபம் பெறுகிறார்.

அழைப்பு வந்தால் தனி ஆலோசகர் அறிக்கை வீட்டுக்கு வரும். 'நியாயமான விலையா', 'ஏற்கலாமா' என்று இரண்டு கேள்விக்கும் தனித்தனியாகப் பதில் இருக்கும். 'நியாயமில்லை, ஆனால் ஏற்கலாம்' என்று வருவதும் உண்டு. முதன்முதலில் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பொருள் இதுதான்: சொத்துக்கு ஏற்ற விலை இல்லை, ஆனால் இவர்களை விட்டால் வாங்க ஆளில்லை.

படி 6: போய்க் கேளுங்கள்

1. ஆண்டுப் பொதுக்கூட்ட அறிவிப்பு குறைந்தது 21 நாளுக்கு முன் வரும். தேதியைக் குறியுங்கள்.
2. போக முடியாவிட்டால் பதிலாள் படிவத்தைக் கூட்டத்துக்கு 48 மணி நேரம் முன்பே சேர்த்துவிடுங்கள்.
3. கேள்வியை எழுதிக்கொண்டு போங்கள். 'ஏன் விலை இறங்குகிறது?' என்று கேட்டால் 'அது சந்தை முடிவு செய்வது' என்று ஒரு வரியில் உட்கார வைத்துவிடுவார்கள். இப்படிக் கேளுங்கள்: "இந்த விலையில் புதுப் பங்கு வெளியிடும் எண்ணம் உண்டா? பெரிய பங்குதாரரின் பங்கில் எவ்வளவு ஈட்டில் இருக்கிறது? நிலத்தைக் கடைசியாக எந்த ஆண்டில் மதிப்பிட்டீர்கள்?"
4. பதிலை அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு அதே தாளோடு போங்கள்.

நான் முதலில் போன கூட்டத்தில் அன்பளிப்புப் பையும் உணவுப் பொட்டலமும் வாங்கும் வரிசையில் நின்றே பாதி நேரம் போய்விட்டது. உள்ளே நுழைந்தபோது கேள்வி நேரம் முடிந்திருந்தது. பை கடைசியிலும் கிடைக்கும்.

தனியாள் குரல் எடுபடாது என்றால், 2000-இல் அமைத்த சிறுபான்மைப் பங்குதாரர் கண்காணிப்புக் குழுவுக்கு எழுதுங்கள். பொதுக்கூட்டங்களுக்குக் கேள்வி அனுப்புவதே அதன் வேலைகளில் ஒன்று. 10 விழுக்காடு பங்குள்ளவர்கள் ஒன்று சேர்ந்தால் சிறப்புக் கூட்டம் கூட்டச் சொல்லலாம், சாதாரணப் பெரும்பான்மையில் இயக்குநரையே நீக்கலாம். நாற்காலி ஆடுவது இங்கேதான்.

பலரும் செய்யும் தவறுகள்

பழைய விலையை அப்படியே ஒப்பிடுவது. தெலுக் இந்தான் பக்கத்து நோவா ஸ்கோஷியா தோட்டத்தை வைத்திருந்த பூஸ்டெட் பிளான்டேஷன்ஸ், 2014-இல் 1.60 வெள்ளிக்குப் பங்கை வெளியிட்டது. 2023-இல் கேஎல்கே அதில் 33 விழுக்காட்டை 1.55 வீதம் வாங்க ஒப்புக்கொண்டு, அக்டோபரில் அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது. ஒன்பதாண்டில் 5 காசு நட்டம் என்று கோப்பிக் கடையில் கணக்குப் போட்டார்கள். இடையில் 5 பங்குக்கு 2 வீதம் போனஸ் வந்ததை மறந்துவிட்டார்கள். அதைச் சேர்த்தால் வெளியீட்டு விலை 1.14 தான்.

இன்னொன்று, இறங்க இறங்க வாங்கிச் சராசரியைக் குறைப்பது. படி 1 முதல் 4 வரை முடிக்காமல் ஒரு லாட்டும் வாங்காதீர்கள்.

பாதுகாப்பு

- பங்கை ஈடு வைத்துப் பங்கு வாங்காதீர்கள். நிர்வாகிகளையே கவிழ்க்கும் கடன் அது.
- 'உள்ளிருந்து வந்த செய்தி' என்று இயக்குநரின் டிரைவரோ மச்சானோ சொன்னதை வைத்து வாங்கவும் விற்கவும் வேண்டாம். வெளியிடாத தகவலில் வணிகம் செய்வது குற்றம், தொகை சின்னது என்பது சாக்காகாது.
- விலை சரிந்த கம்பெனியின் பெயரைச் சொல்லி 'மீட்புக் குழு', 'முன்கூட்டிய ஒதுக்கீடு' என்று வாட்ஸ்அப்பில் வருபவர்களுக்குப் பணம் அனுப்பாதீர்கள். பங்குப் பத்திர ஆணையத்தின் எச்சரிக்கைப் பட்டியலில் முதலில் தேடுங்கள்.
- சிடிஎஸ் கணக்கின் கடவுச்சொல்லைப் பிள்ளையிடம்கூடக் காகிதத்தில் எழுதிக் கொடுக்காதீர்கள். வாரிசு நியமனத்தை உயில் வழியாகச் செய்யுங்கள்.

விலையே இல்லாத பங்கு வைத்திருந்தால்

பேரா தோட்டத்து வீடுகளில் இந்தக் கேள்வி இன்னும் வரும். 1982-இல் ம.இ.கா.வின் முதலீட்டுக் கம்பெனியான மைக்கா ஹோல்டிங்ஸ் தொடங்கியபோது ஏறக்குறைய 66,000 பேர் சேர்ந்து 106 மில்லியன் வெள்ளி போட்டார்கள். நகையை அடகு வைத்துப் போட்டவர்களும் உண்டு. அந்தப் பங்கு சந்தையில் பட்டியலிடப்படவே இல்லை. எனவே சரிந்தது என்று காட்டத் தினமும் ஒரு விலை இருக்கவில்லை, வாங்கிக் குவித்து மிரட்ட வெளியாளும் இல்லை, வெறுத்துப்போனவருக்கு விற்றுவிட்டுப் போகும் வழியும் இல்லை. 2010-இல்தான் ஒரு கம்பெனி முன்வந்து பங்குக்கு 80 காசு தருவதாகச் சொன்னது. 28 ஆண்டுக்குப் பிறகு கண்ணில் பட்ட விலை அது. தினமும் இறங்கும் விலை எரிச்சலூட்டும்போது இதை நினைத்துக்கொள்வேன்.

தாத்தா பெட்டியில் இப்படிப் பங்குச் சான்றிதழ் கிடைத்தால்:

1. கிழிக்கவோ, ஒட்டுப் போட்டு மடிக்கவோ வேண்டாம். இரு பக்கமும் படம் எடுத்து வையுங்கள்.
2. கம்பெனியின் பெயர் மாறியிருக்கிறதா, கலைக்கப்பட்டதா என்று கம்பெனிகள் ஆணையத்தில் தேடுங்கள்.
3. பட்டியலிட்ட கம்பெனியின் காகிதச் சான்றிதழ் என்றால் 1998-இன் காலக்கெடுவை நினைவில் வையுங்கள். அதற்குள் மத்திய வைப்பில் சேர்க்காத பங்குகள் நிதியமைச்சர் பெயருக்கு மாற்றப்பட்டன. பங்குப் பதிவாளரிடம் எழுதிக் கேளுங்கள்.
4. கோரப்படாத பணத்தைத் தேசியக் கணக்காயர் துறையின் இ-குமிஸ் தளத்தில் அடையாள அட்டை எண்ணைப் போட்டுப் பாருங்கள். ஈவுத்தொகை அங்கே போய்க் கிடக்கலாம். இறந்தவர் பெயரில் இருந்தால் இறப்புச் சான்றிதழும் வாரிசுரிமை ஆவணமும் வேண்டும்.
5. 'நான் மீட்டுத் தருகிறேன்' என்று முன்பணம் கேட்கும் முகவரிடம் அசல் சான்றிதழைக் கொடுக்காதீர்கள்.